மாங்கூழ் வரும்வரை ஐஸ்

முதுகில் தக்காளித் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் டேங்க், தலையில் குரங்குக் குல்லாய், இரண்டு ஜோடிக் காலுறைக்கு மேல் ரப்பர் பூட்ஸ். பரமசிவம் பின்பக்கமாகவே நடந்து வருகிறார். இடது கை பம்பை அடிக்கிறது. வலது கை குழாயை இப்படியும் அப்படியுமாக வீசுகிறது. டேங்கில் மருந்து இல்லை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். தரையில் விழுந்த கொஞ்ச நேரத்தில் அது கண்ணாடியாக இறுகிவிடுகிறது. சுவரில் முதுகு இடித்ததும் நிற்கிறார். வந்த வழியை ஒரு முறை பார்த்துவிட்டு "ம்" என்கிறார். விடிகாலை ஐந்தரை மணி. நாற்பத்தோராவது பூச்சு முடிந்தது, இன்னும் ஒன்பது பாக்கி.

சூளகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் குளிர்பதனக் கிடங்கு அது. மாங்கூழ் டிரம்களை மைனஸ் பதினெட்டில் அடுக்கிவைக்கிற இடம். பொங்கலுக்குள் போன வருஷத்துச் சரக்கெல்லாம் கப்பலேறிவிடும். மே மாதம் புதுக் கூழ் வரும்வரை பெரிய அறை சும்மா கிடக்கும். அந்த நாலு மாதத்தில்தான் எங்கள் 'ஓசூர் மண்டல ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்' நடக்கிறது. மற்ற தேசங்களில் இந்த விளையாட்டின் சீசனைக் குளிர்காலம் முடிவுசெய்கிறதாம். எங்களுக்கு மாமரம் முடிவுசெய்கிறது.

லீக்கைத் தொடங்கியவர் அசோக்குமார். நெடுஞ்சாலைக்கு இரு பக்கமும் மனைப்பிரிவு போட்டு விற்பவர். ஒரு சிமென்ட் கம்பெனி செலவில் வெளிநாடு போனபோது ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றைப் பார்த்தார். வந்து இறங்கிய கையோடு லெட்டர்பேடு அடித்துவிட்டார். தலைவர் அவரே. அணிகள் நாலு: சிப்காட் பென்குவின்ஸ், ஓசூர் போலார் பேர்ஸ், சூளகிரி ஸ்நோ லெப்பர்ட்ஸ், கெலவரப்பள்ளி வேல்ஸ். கெலவரப்பள்ளி அணையில் நுரை வந்து பார்த்திருக்கிறோம், திமிங்கிலம் வந்ததாகத் தகவல் இல்லை. அறை சின்னது என்பதால் பக்கத்துக்கு மூன்று பேரும் ஒரு கோல்கீப்பரும்தான். ஸ்கூட்டர் ஹெல்மெட்டில் கம்பி வலை பற்றவைத்து முகமூடி செய்துகொண்டோம். பட்டறைகளுக்கு நம் பக்கத்தில் என்ன குறைச்சல்?

பெற்றோர்கள் அசோக்குமாரிடம் கேட்ட முதல் கேள்வி, "சர்டிபிகேட் உண்டுங்களா சார்?" உண்டு என்றார். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்தச் சான்றிதழ் இன்ஜினியரிங் கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்று இன்றுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே என்ற பயம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் மகன் போலார் பேர்ஸ் அணியில் இருக்கிறான். சீசன் முழுக்கப் பெஞ்சில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தான். தவறாமல் உட்கார்ந்திருந்தான் என்பதில் எனக்குப் பெருமைதான்.

பரமசிவத்துக்கு லீக்கில் பதவி ஏதும் கிடையாது. லெட்டர்பேடில் பதினாலு பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. அவர் கிடங்கின் கம்ப்ரஸர் ஆபரேட்டர். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பத்தொன்பது வருஷத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்தார். "எங்க ஊர்ல ஐஸுன்னா கோயில் கொடையில விக்கிற சேமியா ஐஸுதான். நான் என்னடான்னா இங்ஙன ஒரு குறுக்கம் நெலம் கணக்கா ஐஸக் கட்டி மேய்ச்சிக்கிட்டு இருக்கேன்" என்பார். ஐஸ் போடுவதற்கு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே தடவையில் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும் என்று முதல் வருஷம் தெரிந்துகொண்டார். குழாய்த் தண்ணீர் போட்டால் ஐஸ் மோர் மாதிரி வெளுத்துப்போகும் என்று இரண்டாம் வருஷம். மூன்றாம் வருஷம் சாந்துபட்டித் தக்காளி விவசாயி ஒருவரிடம் பழைய மருந்து டேங்க் வாங்கி, ஒரு வாரம் கழுவி, வேலையைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டார்.

அவருக்குப் பிடிக்காதது ஐஸ் ஹாக்கி. இதை அவர் ஒளித்ததே இல்லை. பன்னிரண்டு நாள் பூசிப் பூசி ஏற்றிய தரையில் பிள்ளைகள் கத்தியைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுவதை எப்படிப் பொறுக்கமுடியும்? "போடுதது நான், கீறுதது அவனுக" என்று புலம்புவார். மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டுக்குப் பக் என்று பெயர் எனப் பிள்ளைகள் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. அவருக்கு அது கருப்பு அதிரசம். ஒரு நாள் ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது, தாமதமாக வந்த ஒரு அம்மா, யார் ஜெயிக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டார். "ரெண்டு டீமும் நல்லாத்தான் இருக்கு. ஐஸுதான் தோத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

மனிதர்களை அவர் அளப்பது கதவை வைத்து. கதவைத் திறந்து, நுழைந்து, சாத்த உங்களுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் உங்கள் தராதரம். மூன்று விநாடிக்காரர்களுக்கு வணக்கம் உண்டு. வெளியே முப்பத்தெட்டு டிகிரி, ஆட்டத்துக்காகக் குளிரைக் குறைத்து வைத்தும் உள்ளே மைனஸ் எட்டு. நடுவில் கதவைப் பிடித்தபடி செல்ஃபி எடுக்கும் பெற்றோரைப் பார்த்தால் அவர் முகம் போகிற போக்கு தனி. "கதவு!" என்பார். அதுதான் அவர் வணக்கம், அதுதான் வசவு. அசோக்குமாருக்கு மாலை போட்ட நாளில் கதவு பதினொரு நிமிஷம் திறந்திருந்தது. அன்று பரமசிவம் சோறு தின்னவில்லை என்று அவர் மனைவி சொன்னார். "வீட்டுலயும் இதே கததான். பிரிட்ஜுல ஒரு எலுமிச்சம்பழம் எடுக்கணும்னா, எங்க இருக்குன்னு மொதல்ல யோசிச்சுட்டு அப்புறமாத்தான் தெறக்கணுமாம்."

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் மண்டியிட்டு, ஸ்பேனரால் ஐஸை அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். 'ணங்' என்றால் நல்லது, 'தொப்' என்றால் அடியில் காற்று. ஒவ்வொரு கீறலையும் குனிந்து பார்ப்பார். எந்தக் கீறல் எந்தப் பிள்ளையுடையது என்று சொல்லிவிடுவார். என் மகனைப் பற்றிக் கேட்டேன். "தங்கமான பையன். ஒரு கீறல் கெடையாது" என்றார்.

அதிகமாக அவரிடம் திட்டு வாங்குபவள் வினோதா. பென்குவின்ஸ் கோல்கீப்பர், வயது பதின்மூன்று. அவள் அம்மா சாந்தம்மா கிடங்கில் டிரம் உருட்டுகிற வேலை பார்க்கிறவர். பக்கத்துக் கிராமம், அரசுப் பள்ளி. அவள் லீக்குக்குள் வந்த கதையும் எங்கள் பெருமைதான். கோல்கீப்பர் முகமூடி போட்டுக்கொண்டு நிற்கவேண்டும். போட்டோவில் முகம் தெரியாது. முகம் தெரியாத போட்டோவை எந்தக் கல்லூரியில் காட்டுவது? எந்தப் பெற்றோரும் சம்மதிக்கவில்லை. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பெண்ணைப் பிடித்து, மோட்டார் சைக்கிள் சீட் ஸ்பாஞ்சைக் காலில் கட்டி நிறுத்தினார்கள். ஒரு ஆட்டத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு. அந்த ஆட்டத்தில் அவள் ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. அதன் பிறகு அவளை நீக்கச் சொல்ல பென்குவின்ஸ் பெற்றோருக்கு வாய் வரவில்லை.

ஆட்டம் தொடங்குமுன் கோல்கீப்பர்கள் தங்கள் இடத்து ஐஸைக் காலில் கட்டிய கத்தியால் குறுக்கும் நெடுக்கும் சுரண்டிச் சொரசொரப்பாக்கிக் கொள்வார்கள். பரமசிவத்துக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். "ஏ பிள்ள! கோழி குப்பையக் கெளறுத மாதிரில்லா கெளறுத!" என்று கத்துவார். அவளும் "சரிங்க மாமா" என்றுவிட்டு இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பாள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அந்த மூலையில்தான் அவர் அதிக நேரம் உட்கார்ந்திருப்பார். கதவுப் பக்கம் ஈரம் ஏறும், அங்கே அதிரசம் மெதுவாக வரும். விசிறிக்குக் கீழே ஐஸ் காய்ந்திருக்கும், அங்கே அம்பு மாதிரி வரும் என்று அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார். இது நியாயமா என்று நான் கேட்டேன். "மத்த பிள்ளைகளும் கேட்டா சொல்லுவேன். ஒருத்தனும் கேக்கலையே" என்றார். அந்தப் பெண் மேல் அவருக்குப் பிரியம். நேரில் கேட்டால் சண்டைக்கு வருவார்.

கிடங்கின் முதலாளி கோவிந்தப்பன் மாங்காய் மண்டிக்காரர். அறையைச் சும்மா தந்தவர், ஒரே ஒரு நிபந்தனையோடு. "இத பாரு பரமசிவம், மொத லாரி கேட்டுக்குள்ள வந்துச்சுன்னா ஐஸு வெளிய போயிடணும். நடுவுல ஆட்டம் இருந்தாலும் சரி, ஆண்டவனே ஆடுனாலும் சரி." ஐஸை உடைத்து அள்ளி அறையைக் கூழுக்குத் தயாராக்க மூன்று மணி நேரம் ஆகும். ஏற்கெனவே சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்றுதான் நாங்கள் பரமசிவத்தைப் பற்றிப் பேசிக்கொள்வோம். இந்தச் சாமி வரத்திலேயே தேதி குறித்துவிட்டது.

இந்த வருஷம் இறுதி ஆட்டம் மே முதல் ஞாயிறு, காலை பதினொரு மணி. பென்குவின்ஸுக்கும் போலார் பேர்ஸுக்கும். முதல் லாரி திங்கட்கிழமை என்று பேச்சு. பெங்களூரிலிருந்து லாவண்யா என்று ஒரு பெண் வந்திருந்தார். பழைய ஆட்டக்காரர். வடக்கே பனிமலையில் நடக்கும் ஜூனியர் பயிற்சி முகாமுக்கு, தெற்கிலிருந்து ஒரே ஒரு கோல்கீப்பரை எடுக்க வந்தவர். செலவெல்லாம் முகாமுடையது. மற்ற ஊர்களைப் பார்த்து முடித்துவிட்டார். எங்கள் ஊர்தான் கடைசி. இரண்டு மணிக்குக் கிளம்பவேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். வினோதா காலையிலிருந்து ஸ்பாஞ்சின் நாடாவை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

பத்தே முக்காலுக்கு அசோக்குமார் வந்தார். பின்னால் ஓர் ஆள் பன்னிரண்டு கிலோ பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தான். இறுதி ஆட்டம், வெளியூர்க்காரர் வந்திருக்கிறார், கண்ணேறு பட்டுவிடக் கூடாது. திருஷ்டி கழித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றார். எல்லோருக்கும் சரியென்றே பட்டது. எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு லேத் மிஷின் வாங்கினாலும் பூசணிக்காய் உடைக்காமல் சுவிட்ச் போடமாட்டோம். பரமசிவம் அப்போது கம்ப்ரஸர் அறையில் இருந்தார்.

"எங்க சார் உடைக்கறது?" என்று கேட்டான் அந்த ஆள்.

"வாசல்லதான் உடைப்பாங்க. இங்க வாசல்னா எது? கோல்தானே" என்றார் அசோக்குமார்.

பென்குவின்ஸ் கோலுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார்கள். ஓங்கிப் போட்டதில் பூசணிக்காய் உடையவில்லை. எரிகிற கற்பூரத்தோடு வழுக்கிப் போய் வலைக்குள் விழுந்தது, கூட்டம் கைதட்டியது. எடுத்துவந்து இரண்டாம் முறை போட்டபோது உடைந்து குங்குமமும் விதையுமாகச் சிதறியது. அதோடு விட்டிருக்கலாம். யாரோ ஒரு அம்மா ஒரு படி கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் கொண்டுவந்திருந்தார். இரண்டு அணிப் பிள்ளைகளையும் சுற்றி, அதே இடத்தில் கொட்டினார்.

பரமசிவம் வந்து பார்த்தபோது ஐஸ் அங்கே கொழகொழவென்று இளகிக்கொண்டிருந்தது. அவர் அப்படிக் கத்தி நான் இதுவரை கேட்டதில்லை.

"உப்பா! ஐஸுல உப்பையா போட்டீக? மெழுகுவத்தி வையிங்க, அடுப்பு மூட்டுங்க, நான் கேட்டேனா? உப்புப் போட்டா அது இனி உறையுமாய்யா?"

"திருஷ்டிக்குத்தானுங்க…" என்றார் அந்த அம்மா.

"திருஷ்டி கழிஞ்சிருச்சு. கோலும் கழிஞ்சிருச்சு."

உப்பு இறங்கிய ஐஸ் முழுவதையும் சிமென்ட் தரை தெரியும்வரை வெட்டி எடுக்கவேண்டியிருந்தது. கடப்பாரையை அவர் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. கோல் வாயில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம். அதில் புது ஐஸை நொறுக்கிப் போட்டு, குளிர்ந்த தண்ணீர் விட்டு, உறைய வைத்த எவர்சில்வர் தட்டால் அழுத்திப் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒவ்வொரு பக்கமாக எட்டு நிமிஷம். அவசரப்பட்டுத் தட்டை எடுத்தால் ஐஸும் அதோடு பெயர்ந்துகொண்டு வந்துவிடும். கடியாரத்தைப் பார்த்துவிட்டு, ஒன்று இருபதுக்கு ஆட்டம் தொடங்கலாம் என்றார்.

வெளியே பந்தலில் பிரியாணி அண்டா வந்து இறங்கியிருந்தது. பெற்றோர்கள் கூடிப் பேசினார்கள். பன்னிரண்டு மணி வெயில், பசி, பிள்ளைகளுக்கு மறுநாள் டியூஷன். அசோக்குமாரிடம் எப்போதும் ஒரு வழி இருக்கும். "எதுக்குங்க ஆடணும்? ரெண்டு டீமும் கூட்டுச் சாம்பியன். சர்டிபிகேட் ஏற்கெனவே அச்சடிச்சாச்சு, ரெண்டு பக்கமும் வின்னர்னு போட்டுக் குடுத்துடலாம்." கூட்டம் குளிர்ந்துபோனது. லாவண்யா எழுந்து, "எனக்கு அந்தப் பொண்ணு கோல்ல நிக்கறதப் பார்க்கணும்ங்க. பார்க்காம நான் பேர் எழுத முடியாது" என்றார். அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாமே மேடம் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த சீசனில் வினோதாவுக்கு வயது தாண்டிவிடும் என்று லாவண்யா சொன்னார். ஓட்டெடுப்பு நடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆடாமல் என் மகன் சாம்பியன் ஆகப்போகிறான். நானும் கையைத் தூக்கினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, தூக்கும்போது இருக்கவில்லை.

முடிவைப் பரமசிவத்திடம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள். உள்ளே போனேன். மூன்று விநாடிக்குள் கதவைச் சாத்தினேன். அவர் கடைசி அடுக்கின் மேல் மண்டியிட்டு, தட்டை இரு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். மூச்சு புகை புகையாக வந்தது. தன் கோல் பள்ளமாகக் கிடந்ததால் வினோதா எதிர்க் கோலில் தனியாக நின்று, இல்லாத வட்டுகளை இடமும் வலமும் தடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். சாந்தம்மா கதவோரம் கம்பளிக் கோட்டில் நின்றார். கூட்டுச் சாம்பியன் விஷயத்தைச் சொன்னேன்.

"லாவண்யாம்மா போயிட்டாகளா?" என்று கேட்டார்.

"இல்லை. ரெண்டு மணி வரைக்கும் இருப்பாங்களாம்."

"அப்பம் ஆட்டம் உண்டு. போலார் பேர்ஸ்ல மூணு பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. உங்க பையனையும் கூட்டிட்டு வாங்க, அவனும் ஒரு நாள் கீறட்டும்."

வெளியே ஹாரன் கேட்டது. கார் ஹாரன் இல்லை. பாரூர்ப் பக்கமிருந்து முதல் கூழ் லாரி ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. இரண்டாம் ஹாரன் அடங்குவதற்குள் பரமசிவத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. குனிந்து பார்க்கப் போனவரின் பையிலிருந்து அது நழுவி ஐஸில் விழுந்து, 'முதலாளி' என்ற பெயரோடு அதிர்ந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த அழைப்பை அவர் இரண்டாவது மணிவரை விட்டதில்லை.

"அண்ணா, மொதலாளிங்கண்ணா. எடுத்துடுங்க. எங்களுக்காவ நீங்க ஏங்கண்ணா பேச்சு வாங்கறீங்க? வேலைக்கு வெனையாப் போயிடும்" என்றார் சாந்தம்மா.

பரமசிவம் சுவர்க் கடியாரத்தைப் பார்த்தார். இன்னும் நாலு நிமிஷம். தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. இடது காலை மட்டும் நீட்டி, பூட்ஸ் முனையால் போனை ஒரு தள்ளுத் தள்ளினார். அவர் போட்ட ஐஸ் அது. போன் மணியடித்துக்கொண்டே அறையின் முழு நீளமும் வழுக்கிப் போனது. எதிர்க் கோலில் வினோதா பழக்கதோஷத்தில் முழங்காலில் விழுந்து மட்டையைக் குறுக்கே வைத்தாள். வந்துகொண்டிருந்தது என்ன என்று பார்த்தாள், பிறகு பரமசிவத்தைப் பார்த்தாள்.

"உள்ள விடு தாயி" என்றார் அவர்.

வினோதா மட்டையைத் தூக்கி வழிவிட்டாள்.